பிடித்த இலையான்

அன்று குளத்தடியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அப்பா வேலை செய்த ஹோட்டலின் செஃப், அங்கே அடுப்படியில் நின்ற போர்த்துக்கல்காரர், மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஓர் அக்கா, அப்பா, பத்து வயதில் நான். செஃப் என்றால் இந்த நாட்டில் சமையல்காரர் அல்ல, முதலாளி. வராதவர்கள் இரண்டு பேர். அம்மாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில் வேலை. டீட்டிகோன் என்ற ஊரில் இருந்த மாமாவை யாரும் அழைக்கவில்லை. அவர் வந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. வராமல் விட்டது நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கு வருகிற கடிதங்களை எல்லாம் அவர்தான் வாசித்தார். அம்மா கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புவார். மாமா தன்னுடைய பொதிக் கிடங்கின் மத்தியான இடைவேளையில் போன் எடுத்து, இதை ஏன் போன கிழமையே அனுப்பவில்லை என்று முதலில் ஏசுவார், பிறகு பொருள் சொல்வார். ஏச்சு வாங்காமல் நாங்கள் ஒரு கரண்ட் பில்லைக்கூடக் கட்டியதில்லை. அப்பா ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா எட்டு வரை. நாங்கள் இருந்த துன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் எனக்கு ஜெர்மன் பாடத்துக்கு ஐந்தரை கிடைத்தது. ஆறுதான் இங்கே ஆகக்கூடிய புள்ளி. அந்த ஐந்தரையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, இனிமேல் கடிதங்களை நானே வாசிக்கிறேன் என்று அறிவித்தேன். யாரும் எதிர்க்கவில்லை. மாமாவின் ஏச்சு நின்றால் போதும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். நான் என்னுடைய ஜெர்மனுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பதவியில் எனக்கு வந்த முதல் கடிதம் செஃபுடையது. சித்திரை வருசம் முடிந்து ஒரு கிழமை இருக்கும். ஹோட்டலைப் பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமை, மலையில் உள்ள ஒரு குளத்துக்கு எல்லாரும் போவோம், ட்ரௌட் மீன் பிடிப்போம், தூண்டில் தடிகளை நான் கொண்டுவருகிறேன், பிள்ளைகளும் வரலாம் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ‘ஃப்ளீகே’யைக் கொண்டுவரவேண்டும் என்றிருந்தது. ஃப்ளீகே என்றால் ஈ. ஈயை எங்கள் வீட்டில் இலையான் என்போம்.

“ஆளுக்கொரு பிடிச்ச இலையான் கொண்டு வரட்டாம்” என்றேன்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கு எந்த வாத்தியாரிடம் காட்டினாலும் சரி போடுவார்.

“இலையானோ?” என்றார் அம்மா. “பிடிச்ச இலையானெண்டா, உயிரோடயோ, செத்ததோ?”

நான் கடிதத்தை மறுபடி பார்த்தேன். “அது போடேல்லை.”

அப்பா மட்டும் குழம்பவில்லை. “மீனுக்கு இரை வேணும்தானே. அத்தனை பேருக்கும் அந்த மனிசன் இரைக்கு எங்க போறது? ஆளாளுக்கு ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டுறார். நியாயமான கதைதான்.”

விருப்பம் என்ற பொருளில்தான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். ஆனால் ‘பிடிச்ச’ என்று வாயால் வந்த சொல்லை அப்பா மற்றப் பக்கத்தால் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த பக்கம் அவ்வளவு நியாயமாக இருந்ததால் நானும் அங்கேயே போய்விட்டேன். விருப்பமான இலையான் என்று ஒன்று உலகத்தில் யாருக்காவது இருக்குமா?

அப்பாவுக்கு அந்தப் பயணம் மீனுக்காக அல்ல. எங்கள் மூன்று பேரிடமும் அப்போது இருந்தது எஃப் விசா. இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், எல்லையைத் தாண்டக்கூடாது. அப்பாவின் தமையன் பாரிசில் இருந்தார். ரயிலில் ஐந்து மணித்தியாலம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து ஒன்பது வருடம். பி விசாவுக்கு மாறினால் போகலாம். மாறுவதற்கு, இவர் நல்ல வேலைக்காரர், தொடர்ந்து வேலை தருவேன் என்று முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும். அப்பா மூன்று மாதமாகக் கேட்க நினைத்தார், முடியவில்லை. அப்பா கோப்பை கழுவுகிற இடத்துக்குச் செஃப் வருவதே ஏதாவது உடைந்தால்தான். அந்த நேரத்தில் கடிதம் கேட்பதெப்படி?

“குளத்தடியில கேப்பம். அங்க உடையிறதுக்கு ஒண்டும் இராது” என்றார் அப்பா.

அதற்காக நான் பத்துச் சொற்களில் ஒரு ஜெர்மன் வாக்கியம் செய்துகொடுத்தேன். அப்பா அதை முகச்சவரம் செய்யும்போதும் படி ஏறும்போதும் சொல்லிப் பார்த்தார். குளத்தடியில் நான் பக்கத்தில் நிற்கவேண்டும், சொல் ஏதும் விழுந்தால் எடுத்துக்கொடுக்கவேண்டும். அது என் பொறுப்பு.

இலையான் தேடத் தொடங்கினோம். ஊரில் சோற்றுக் கோப்பையில் கை வைக்க விடாத சாதி, இங்கே வேண்டும் என்றபோது ஒன்றுமில்லை. அம்மா பால்கனியில் இரண்டு நாள் வாழைப்பழத் தோல் வைத்துப் பார்த்தார். கீழ்வீட்டு மனிசியின் முறைப்பாடுதான் வந்தது. கடைசியில் சனிக்கிழமை அப்பாவும் நானும் பஸ் ஏறி, ஊருக்கு மேலே ஒரு மாட்டுப்பட்டிக்குப் போனோம். பட்டிக்காரப் பெண்ணிடம் நான் பேர்ண் பக்கத்து ஜெர்மன் பேச்சிலேயே மரியாதையாகக் கேட்டேன், எங்களுக்கு ஓர் இலையான் பிடிக்க அனுமதி தருவீர்களா என்று. அவள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா அன்றைக்குச் சட்டையைத் தேய்த்து மினுக்கிப் போட்டிருந்தார். “எல்லாத்தையும் கொண்டுபோங்கோ” என்று சொல்லி, உள்ளே போய் வெறும் தேன் போத்தல் ஒன்றும் கொண்டுவந்து தந்தாள்.

பத்துப் பிடித்தோம். திரும்பி வரும் வழியில், வெள்ளையாய்ப் பூத்திருந்த முட்செடி வேலியில் இன்னொரு வகை இலையான் தொங்கித் தொங்கிப் பறந்தது. கறுப்பு, சற்று நீளம், பின்னங்கால் இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. பறக்கிறதற்கு அவ்வளவு சோம்பல், கையை நீட்டினேன், வந்து இருந்தது. அது பதினோராவது.

பின்னேரம் போத்தலை மேசையில் வைத்து மூவரும் சுற்றி இருந்தோம். ஆளுக்கு ஒன்றென்றுதானே கடிதம் சொல்கிறது, திறமானதைக் கொண்டுபோகவேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அம்மாவுக்கு, பச்சை மினுக்கம் உள்ள ஒரு கொழுத்த இலையான்மேல் கண். எனக்கு, மூடியில் விடாமல் முட்டிக்கொண்டிருந்த ஒரு சண்டைக்காரன். அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டுக் கறுப்பைக் காட்டினார்.

“அதோ? அது நோஞ்சான். செஃபுக்கு முன்னால கொண்டுபோய் வைக்கக்கூடிய சாமானே அது?” என்றார் அம்மா.

“மற்றதெல்லாம் சாணியில இருந்து வந்ததுகள். இவன் பூவில இருந்து வந்தவன். எனக்கு இவனைப் பிடிச்சிருக்கு.”

அந்த நிமிடத்தில், நாங்கள் யாரும் அறியாமலே, செஃபின் கடிதம் சொன்னதை அப்பா அப்படியே செய்து முடித்திருந்தார். மற்றப் பத்தையும் அம்மா யன்னலால் விட்டார். மூடியில் ஊசியால் துளைகள் போட்டு, ஒரு பூவிதழும் உள்ளே வைத்து, கறுப்பனை அப்பா குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

குளம் சிறியது. கரையில் புல்லெல்லாம் மஞ்சள் பூ, எதிரே மலையில் மிச்சப் பனி, பக்கத்தில் அதே வெள்ளைப் பூ வேலி. செஃப் மர மேசையைத் தட்டி, எல்லாரும் தங்கள் ஃப்ளீகேயை எடுங்கள் பார்ப்போம் என்றார். தானே முதலில் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக இறகாலும் நூலாலும் கட்டிய சின்னச் சின்னப் பூச்சிகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கொக்கி. அதில் மஞ்சளாக இருந்த ஒன்றைத் தன் செல்லம் என்று நடுவில் வைத்தார். போர்த்துக்கல்காரர் ஒரு மிட்டாய் டப்பாவிலிருந்து சிவப்பை எடுத்தார். அக்காவினுடையது கடையில் வாங்கியது, விலைத்துண்டு ஒட்டியபடி. அப்பா சட்டைப்பையிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து தேன் போத்தலை எடுத்து, மற்றவற்றுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். கறுப்பன் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினான்.

எல்லாரும் குனிந்து போத்தலுக்குள் பார்த்தார்கள். பிறகு போர்த்துக்கல்காரர் மேசையில் விழுந்து சிரித்தார். அக்கா வாயைப் பொத்தினார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. தூண்டில்காரர் ஃப்ளீகே என்பது இந்த நூல் பூச்சியைத்தான் என்பது ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஐந்தரை, பதவி, மாமா இனிமேல் என்ன சொல்லுவார், கடிதத்தை இனி எப்படிக் கேட்பது, எல்லாம்.

“என்னவாம் தம்பி?” என்றார் அப்பா.

“எல்லாரும் செய்த இலையான் கொண்டுவந்திருக்கினம், அப்பா. எங்கடது மட்டும்தான் உண்மையானது.”

அப்பா பெட்டியைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். அவரிடம் இருந்த ஜெர்மன் முழுவதும் ஹோட்டல் குசினியில், அடுப்படியில் பொறுக்கியது. அதில் தேடி, தேவையானதை எடுத்து, செஃபின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “மைனே… ஃபிரிஷ்.”

என்னுடையது ஃபிரெஷ்.

செஃப் சிரித்த சிரிப்பில் வேலியிலிருந்து குருவி கிளம்பியது. அப்பாவும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் கண்டேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுச் செஃப் போத்தலைக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். அங்கேயும் அதே கறுப்பன்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பறந்தன. காற்று அவற்றைத் தள்ளித் தண்ணீரில் போட, போட்ட இடத்திலெல்லாம் வட்டம் விழுந்தது. மீன்களுக்கு அன்றைக்கு என்ன சமையல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியின் அடித்தட்டில் மூலையில் கிடந்த, கால் இரண்டு தொங்குகிற ஒரு கறுப்பு நூல் பூச்சியைத் தேடி எடுத்து, அப்பாவின் தூண்டிலில் தானே கட்டினார். அவருடைய மஞ்சள் செல்லம் பெட்டிக்குள் திரும்பிப் போனது. அவருக்கு அதில் சிறிது வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

அப்பா அதுவரை மீன் பிடித்தவர் அல்ல. எங்கள் ஊர் உள்ளுக்கு இருக்கிற தோட்டக்காட்டு ஊர். மீன் அங்கே சைக்கிளில் வரும். முதல் வீச்சில் அவர் போர்த்துக்கல்காரரின் தொப்பியைப் பிடித்தார். “இது எத்தனை கிலோ?” என்று அந்த மனிதர் கேட்டார். மூன்றாவது வீச்சில் கயிறு எப்படியோ நேரே போய், கறுப்பு நூல் பூச்சி தண்ணீரில் மெல்ல இருந்தது. ஒரு வட்டம். தடி வளைந்தது.

“டேய்! டேய் தம்பி! இழுக்குதடா!”

அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. செஃப் வலையால் வாரி எடுத்தார். முதுகில் புள்ளி போட்ட, என் முழங்கை அளவு மீன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடி வீசினார். இரண்டாவது. மூன்றாவது. செஃப் தன் தடியை வைத்துவிட்டு வலையோடு பின்னால் ஓடினார். குளத்தடியில் யார் முதலாளி, யார் கோப்பை கழுவுகிறவர் என்று வழியால் போகிற ஒருவர் பார்த்தால் மாற்றித்தான் சொல்லியிருப்பார்.

நான் என் பொறுப்பை மறக்கவில்லை. கிட்டப் போய், “அப்பா, கேளுங்கோ” என்றேன்.

“பொறு, பொறு. ஒண்டு வருது.”

மூன்றாவது மீனுக்குப் பிறகு கழிப்பறைக்குப் போனபோது மீன் நிறுக்கிற கொட்டிலின் சுவரில் ஒரு பலகை கண்டேன். நின்று முழுவதும் வாசித்தேன். அகப்பட்ட மீனைத் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது. எல்லாவற்றையும் நிறுத்துக் காசு கட்டவேண்டும். கிலோ இருபத்தெட்டு பிராங். கணக்கில் எனக்கு ஐந்து புள்ளிதான், ஆனாலும் இதற்கு அது போதும். ஓடி வந்தேன். அப்பா நாலாவதை இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. சட்டை வெளியே. முகம் முழுக்கச் சிரிப்பு.

“என்னடா, என்ன சொல்லு” என்றார் திரும்பாமலே.

“ஒண்டுமில்லை” என்றேன்.

வாசித்ததை வாசித்தபடி சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. பதவி ஏற்று ஒரு கிழமைகூட ஆகவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு. செஃபுக்கு இரண்டு. அக்காவுக்கு ஒன்று. போர்த்துக்கல்காரருக்கு ஒன்றும் இல்லை. தங்கள் நாட்டு மீன்கள் இப்படிப் பூச்சிக்கு அலைவதில்லை, அவை குடும்பத்து மீன்கள் என்றார். மத்தியானம் செஃபின் இரண்டையும் நெருப்பில் வாட்டினார்கள். அப்பாவும் செஃபும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் வராது. மேசைக்குக் கீழே அப்பாவின் காலில் உதைத்தேன். அப்பா சாப்பாட்டை விழுங்கினார். தொண்டையைச் செருமினார்.

“இஃ மொஃஹ்டே…” என்று தொடங்கினார். ‘நான் விரும்புகிறேன்’. வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். செஃப் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் சாய்ந்தார். நான் மூன்றாவது சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“…ஸல்ஸ்” என்று முடித்தார் அப்பா.

செஃப் உப்பை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது. உப்பு அவருடைய கைக்குக் கிட்டத்தான் இருந்தது.

வெளிக்கிடும்போது கொட்டிலில் இருந்தவர் அப்பாவின் ஏழு மீனையும் தராசில் வைத்தார். செஃப் பணப்பையை எடுத்துவிட்டார். இன்றைக்கு எல்லாரும் என் விருந்தாளிகள், நான்தான் கட்டுவேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அப்பா தன் கையை அவருடைய பணப்பையின்மேல் வைத்து, மெதுவாக அமத்தினார். “நைன், செஃப்.” பிறகு செஃப் பணப்பையை உள்ளே வைத்தார். அப்பா தன் சட்டைப்பையிலிருந்து மடித்த காசுத்தாளை எடுத்தார்.

திரும்பும்போது செஃபின் காரில் பின்சீட்டில் இருந்தோம். அவருக்கு விளங்காது என்ற துணிவில் நான் தமிழில் சண்டை பிடித்தேன். “ஏன் கேக்கேல்லை?”

“சாப்பிட வந்த இடத்தில கேக்கிறேல்லை.”

“அப்ப காசு ஏன் குடுத்தனீங்கள்? அவர்தானே கட்டுறன் எண்டவர்!”

அப்பா யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். இடைக்கிடை கை தானாக எழும்பி, இல்லாத தடியை வீசியது. செஃப் அதைக் கண்ணாடியில் கண்டு சிரித்தார்.

அம்மா மீனை மஞ்சள் தூள் போட்டுப் பொரித்தார். அதற்கு முன்பே ஏழு மீனின் படமும் மாமாவுக்குப் போயிருந்தது. உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

“அத்தான், உங்களுக்கென்ன விசரே? அப்பிடியான இடங்களில கிலோவுக்கு இவ்வளவெண்டு போர்டில போட்டிருப்பாங்கள்! வாசிக்க ஒருத்தரும் இல்லையோ? எங்க அந்தப் பெரிய ஜெர்மன் பண்டிதர்?”

நான் பொரியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போனைக் கையில் எடுத்தார். “மச்சான், எனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும். சாப்பிட்டுட்டுக் கதைக்கிறன்” என்று வைத்துவிட்டார். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்பா பொய் சொல்கிறார் என்று எண்ணி, நன்றியில் என் தட்டிலிருந்த பெரிய துண்டை அவருடைய தட்டில் வைத்தேன்.

திங்கட்கிழமை வேலையால் வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றியபடி, “கேட்டனான்” என்றார். அன்று காலை செஃபின் அலுவலகக் கதவைத் தானே போய்த் தட்டியிருக்கிறார். நான் இல்லாமல்.

“முழுக்கச் சொன்னீங்களோ? பத்துச் சொல்லும்?”

“ஒம்பது. கடைசி விட்டுப்போச்சு. ஆனா அவருக்கு விளங்கினது.”

கடைசிச் சொல்லுக்குப் பொருள் ‘கெஞ்சிக் கேட்கிறேன்’ என்பதற்குக் கிட்ட வரும். அது இல்லாமல் வாக்கியம் நொண்டி. நான் இலக்கணம் விளக்கினேன், அப்பா பொறுமையாகக் கேட்டார். கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பி விசா அடுத்த மாரிக்கு வந்தது. பாரிசில் பெரியப்பாவின் வீட்டுக் கதவு திறந்தபோது நடந்ததை எழுத இன்னொரு ஆள் வேண்டும்.

பிறகு நான் படித்துப் பட்டம் வாங்கினேன். இன்று மற்றவர்களின் கடிதங்களை வாசித்துச் சொல்வதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் 28 என்ற இலக்கத்தை வாசிக்க ஜெர்மன் தேவையில்லை என்பதும், அப்பா அந்தப் பலகையை எனக்கு முன்பே, முதல் மீனுக்கும் முன்பே, பார்த்திருப்பார் என்பதும் எனக்கு உறைக்கப் பல வருடம் சென்றது. தெரிந்துகொண்டுதான் அவர் ஏழு தடவையும் இழுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை யாருடைய விருந்தாளியாகவும் இராமல் திரும்பினால்தான், திங்கட்கிழமை அந்தக் கதவைத் தட்டலாம் என்பது அவருடைய கணக்கு. பத்து வயதில் எனக்குத் தெரிந்த கணக்கு கொட்டிலில் இருந்தவர் எழுதித் தந்த துண்டில் இருந்தது மட்டும்தான்: ஏழு மீன், மூன்று கிலோ நானூறு கிராம், தொண்ணூற்றைந்து பிராங் இருபது ராப்பன்.